உண்மை அதிகம், குறைக்கவும்

கொஞ்சம் தள்ளி உக்காருங்கக்கா. அந்தத் தூக்குவாளியை மடியில வச்சுக்கிட்டீங்கன்னா எனக்கும் எடம் இருக்கு. புளிசாதம்தானே? மூடி போட்டிருந்தாலும் தெரியுது. பெருங்காயம் கூடப் போயிடுச்சு. தப்பா எடுத்துக்காதீங்க, மனசுல பட்டதை நான் சொல்லிடுவேன். ஆன்ட்டின்னு கூப்பிடலாம்னுதான் பாத்தேன், நாப்பத்தஞ்சு இருக்கும்ல உங்களுக்கு? பாத்தீங்களா, முகம் மாறுது. அதனாலதான் அக்கா.

எங்க எறங்கணும்? ஒரத்தநாடா? நாத்தனார் பொண்ணுக்கு வளைகாப்பா? பத்தரைக்கு நல்ல நேரமா? சரி சரி. ஒரத்தநாடு வர இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. நான் அதையும் தாண்டிப் போகணும், காலேஜ் ஸ்டாப்பு. அதுக்குள்ள ஒரு விஷயம் சொல்றேன், கேளுங்க. யார்கிட்டயாவது சொல்லலேன்னா எனக்குத் தலை வெடிச்சிடும். என் பேரு சுபிக்ஷா. போன மே மாசம் வரைக்கும் பாப்பாநாட்டுல ஸ்கூல் புள்ள. இப்ப வேதவல்லி கலை அறிவியல் கல்லூரியில முதல் வருஷம் பி.எஸ்சி. கணக்கு.

இன்னைக்குப் பதினோரு மணிக்கு எனக்கு அங்க விசாரணை. பதறாதீங்க. திருடல, யாரையும் அடிக்கல, பரீட்சையில காப்பி அடிக்கல. சாம்பார்.

ஆமாக்கா, சாம்பார்தான். சாம்பாரைப் பத்திப் பேசினதுக்கு விசாரணை. திங்கக்கிழமை செமஸ்டர் ஆரம்பிக்குது. என் ஹால் டிக்கெட் திருஞானம் சாரோட மேசை டிராயர்ல பூட்டிக் கெடக்கு. நான் மன்னிப்புக் கடிதத்துல கையெழுத்துப் போடணும், கூட ஒரு பெரியவங்க வந்து அவங்களும் போடணும். அப்பத்தான் டிராயர் தொறக்கும். இல்லேன்னா பரீட்சை கெடையாது. எங்க வீட்டுல செமஸ்டர்னு ஒண்ணை எழுதப்போற மொத ஆளு நான்தான். அந்தத் தாளு எனக்கு வேணும்க்கா. அவ்வளவுதான் விஷயம்.

மொதல்லேருந்து சொல்றேன்.

நான் சேந்த மாசமே ஒரு தகராறு. என் கிளாஸ்ல பவானின்னு ஒரு பொண்ணு. அவகிட்ட சீனியர் ஒருத்தன் வந்து, எந்த ஊரு, எந்தத் தெரு, தெருவுல எந்தப் பக்கம்னு சுத்தி வளைச்சுக் கேட்டிருக்கான். எதுக்குக் கேக்குறான்னு உங்களுக்கே தெரியும். பவானி ரெண்டு நாள் காலேஜுக்கு வரல. மூணாம் நாள் அவங்க அப்பாவோட வந்தா. அன்னைக்கே நோட்டீஸ் போர்டுல போட்டாங்க: இந்த வளாகத்துல யாரும் யாரோட சாதியையும் நேராவும் கேக்கக் கூடாது, சுத்தி வளைச்சும் கேக்கக் கூடாது, கேட்டா சஸ்பெண்ட். ஒரே ஒரு விதி. நல்ல விதி. நான் கைதட்டினேன். இதை நான் குறை சொல்லவே மாட்டேன்.

அதோட நிறுத்தியிருக்கலாம்ல? நிறுத்தல.

அந்த ஒரு விதியைப் பாத்துக்க ஒரு குழு போட்டாங்க. மனம் புண்படாமைக் குழு. வசந்தா மேடம் தலைவர், திருஞானம் சார் உறுப்பினர் செயலர். குழுன்னு ஒண்ணு போட்டா அதுக்கு வேலை வேணும்ல? ஒரு விதியை வச்சுக்கிட்டு வாரா வாரம் கூடி டீ குடிக்க முடியுமா? லைப்ரரி வாசல்ல ஒரு பெட்டி வச்சாங்க. பக்கத்துல படிவம். எந்தச் சொல்லு உங்களைப் புண்படுத்திச்சு, எங்க, எத்தனை மணிக்கு, புண்பட்ட அளவு. அளவுக்கு மூணு கட்டம்: லேசாக, நடுத்தரம், ஆழமாக. அப்புறம் சொன்னவர் பேரு, சொன்னவர் உங்களுக்கு என்ன உறவு. உறவு எதுக்குன்னா, எங்க காலேஜ்ல பாதிப் பேரு ஒருத்தருக்கொருத்தர் சொந்தம். மாமா பையன் அத்தை பொண்ணைக் கிண்டல் பண்ணினா அது குடும்ப விஷயம், குழு தலையிடாது. பேனாவுல எழுதணும், அடிச்சுத் திருத்தினா செல்லாது. அது விதி நாலு.

ஒவ்வொரு புகாருக்கும் ஒரு சொல்லு தடை. தடைபண்ணின சொல்லுக்குப் பதிலா என்ன சொல்லணும்னு திருஞானம் சார் ராத்திரி பூரா யோசிச்சு எழுதிட்டு வருவாரு. குண்டுன்னு சொல்லக் கூடாது, நிறைவான உருவம் உடையவர். வழுக்கைன்னு சொல்லக் கூடாது, நெற்றி வளர்ந்தவர். லேட்டா வந்தா லேட்டுன்னு சொல்லக் கூடாது, பின்னர் இணைபவர். வாசல்ல வாட்ச்மேன் தாத்தா பாவம், தாளைப் பாத்து வாசிப்பாரு: "பின்னர் இணைபவரே, அடையாள அட்டை எங்கே?" அதுக்குள்ள அந்தப் பின்னர் இணைபவர் ஓடிப்போய் கிளாஸ்ல உக்காந்திருப்பான். அரியர்ங்கிற வார்த்தையே கெடையாது. காத்திருக்கும் வெற்றி. மூணாம் வருஷத்துல ஒரு அண்ணனுக்குப் பதினோரு வெற்றி காத்திருக்கு. கேண்டீன்ல தோசை கருகிட்டா கருகல்னு சொல்லக் கூடாது. ஆழ்ந்த நிறம் கொண்ட தோசை. தோசை புண்படுமான்னு கேட்டேன். தோசை சுட்டவர் புண்படுவாருன்னாங்க.

பசங்க அந்தக் குழுவோட பேரைச் சுருக்கி மபுகுன்னு சொன்னாங்க. அடுத்த வாரம் அதுவும் லிஸ்ட்ல.

சிரிக்கிறீங்க. நூத்திப் பதிமூணு சொல்லுக்கா! செவுத்துல ஒட்டியிருக்காங்க. அந்தச் சொல்லையெல்லாம் சொல்லக் கூடாதுன்னு பெருசா அச்சடிச்சு ஒட்டினதுல, எனக்குத் தெரியாத இருபது வசவு நான் புதுசாக் கத்துக்கிட்டேன்.

இதுல நான் போட்ட புகாரு கொஞ்சம்தான். பதினேழு. அதெல்லாம் நியாயமான புகாரு, அது வேற. நான் கொஞ்சம் உயரம், பாத்தாலே தெரியுதுல்ல. மொத நாளே அபினேஷுன்னு ஒருத்தன், என் கிளாஸ்தான், என்னைப் பாத்து "செல் டவர் வந்துடுச்சு, இனிமே சிக்னல் ஃபுல்லா கெடைக்கும்"னான். விடுவேனா? படிவம், பேனா, ஆழமாக. அன்னையிலேருந்து செல் டவர் தடை. ஒரு சின்ன சங்கடம் என்னன்னா, எங்க காலேஜ் பின்னாடி நெசமாவே ஒரு செல் டவர் இருக்கு. அதை இப்ப "தகவல் தொடர்பு உயரம்"னு சொல்லணும். போன மாசம் எலெக்ட்ரானிக்ஸ் சார் பாடம் நடத்தும்போது வாய்தவறி ரெண்டு தடவை சொல்லிட்டாரு, விளக்கக் கடிதம் எழுதிக் குடுத்தாரு. எனக்கும் பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா விதின்னா விதி.

என்னக்கா, ஜன்னல்ல எதை எட்டி எட்டிப் பாக்குறீங்க? கேளுங்க, இப்பத்தான் விஷயத்துக்கே வர்றேன்.

நூத்திப் பதிமூணு ஆனதும் பசங்க முணுமுணுக்க ஆரம்பிச்சாங்க. பேச்சுரிமை இல்ல, வாயைத் தைச்சுட்டாங்கன்னு. தாளாளர் ஐயா காதுக்குப் போச்சு. அவரு உடனே, "பேச்சுரிமைதானே? குடுத்துடுங்க"ன்னுட்டாரு. குடுத்தாங்க. புதன்கிழமை, மூணு பத்துலேருந்து மூணரை வரைக்கும், வேப்பமரத்தடியில. பேரு சுதந்திர மேடை. யாரு வேணா, எதைப் பத்தி வேணா, பயமில்லாமப் பேசலாம். பேசப்போறதை ரெண்டு நாள் முன்னாடியே எழுதிக் குழுகிட்ட குடுத்துடணும். அவங்க திருத்திக் குடுப்பாங்க. திருத்திக் குடுத்ததைப் பயமில்லாமப் பேசலாம்.

அதுல விதி ஆறை நல்லா ஞாபகம் வச்சுக்குங்க. "குழு திருத்தித் தந்த தாளில் உள்ளதை ஓர் எழுத்தும் கூட்டாமல் குறைக்காமல் வாசிக்க வேண்டும்." என் வார்த்தை இல்ல. திருஞானம் சார் எழுதினது.

மொதப் பேச்சுக்கு யாருமே பேரு குடுக்கல. நான் குடுத்தேன். எதைப் பத்தின்னு யோசிக்கவே இல்ல. சாம்பார். எங்க கேண்டீன் சாம்பார் இருக்கே, அதை ஊத்தினா இட்லிக்கு அடியில இருக்கிற தட்டோட பூ டிசைன் தெரியும். அரைப் பக்கம் எழுதினேன். "நம் கேண்டீன் சாம்பாரில் பருப்பு இல்லை. தண்ணீர் இருக்கிறது. மஞ்சள்தூள் இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை ஒரு ரப்பர் பேண்டும் இருந்தது. கேண்டீன் எடுத்திருப்பவர் தாளாளர் ஐயாவின் மச்சான் என்பதால் யாரும் கேட்பதில்லை. நான் கேட்கிறேன்." அவ்வளவுதான். ஒரு கெட்ட வார்த்தை இருக்கா? நூத்திப் பதிமூணுல ஒண்ணு இருக்கா? தேடிப் பாத்துத்தான் எழுதினேன்.

ரப்பர் பேண்டு பொய்யில்லக்கா. இதோ, சடையில போட்டிருக்கேன் பாருங்க. கழுவிட்டேன், கழுவிட்டேன். ஏன் அப்படி நகர்றீங்க?

புதன்கிழமை மத்தியானம் தாளு திரும்பி வந்துச்சு. பூரா செவப்பு மை. என் எழுத்து நீலம், அவரு எழுத்து செவப்பு, செவப்புதான் அதிகம். திருஞானம் சார் வாசல்ல நின்னுக்கிட்டே கையில திணிச்சாரு. "நல்லா வந்திருக்கும்மா. அப்படியே வாசிச்சிடு."

"அப்படியேவா சார்?"

"அப்படியே. ஒரு எழுத்து மாறக் கூடாது. விதி ஆறு."

"ஓரத்துல எழுதியிருக்கிறது எல்லாம் சார்?"

அவரு காதுல செல்போன். "ம்ம், எல்லாம் எல்லாம்"னு கையை ஆட்டிட்டுப் போயிட்டாரு.

அப்ப சொல்லுங்க, நான் கேட்டேனா கேக்கலையா? கேட்டேன். பதில் வந்துச்சா? வந்துச்சு. நான் ஸ்கூல்ல மனப்பாடச் செய்யுளை காற்புள்ளி அரைப்புள்ளி விடாம ஒப்பிச்சவ. தமிழ்ல தொண்ணூத்தெட்டு. ஒரு தாளைக் குடுத்து அப்படியே வாசின்னா அப்படியே வாசிப்பேன். எனக்கு வேற மாதிரி வராது.

அன்னைக்குப் பாத்து மதிப்பெண் போடுறதுக்கு வெளியூர்லேருந்து ஒரு பெரிய குழு வந்திருக்கு. காலேஜ் நல்ல காலேஜா, சுமார் காலேஜான்னு பாக்குறவங்க. நாலு பேரு, கழுத்துல மாலை, கையில இளநி. தாளாளர் ஐயாவே அவங்களை வேப்பமரத்தடிக்குக் கூட்டிட்டு வந்து, "எங்க பிள்ளைங்களுக்கு நாங்க முழுச் சுதந்திரம் குடுத்திருக்கோம், நீங்களே கேளுங்க"ன்னாரு. முந்நூறு பேரு உக்காந்திருக்காங்க. நான் மைக் முன்னாடி நின்னேன். மைக்கைக் கொஞ்சம் ஏத்திக் குடுத்தாங்க. வாசிக்க ஆரம்பிச்சேன்.

"நம் கேண்டீன் சாம்பாரில் பருப்பு இல்லை. அடித்தல். இல்லை என்பது கடுமையான சொல். பருப்பு தன்னை வெளிக்காட்டிக்கொள்ளவில்லை என்று மாற்றுக."

முன்வரிசையில ரெண்டு பேரு நிமிந்து பாத்தாங்க.

"தண்ணீர் இருக்கிறது. மஞ்சள்தூள் இருக்கிறது. இவை இருக்கட்டும், பாதகமில்லை. போன செவ்வாய்க்கிழமை ஒரு ரப்பர் பேண்டும் இருந்தது. உண்மை அதிகம், குறைக்கவும்."

கொல்லுன்னு ஒரு சத்தம். நான் ஏன்னே தெரியாம நிறுத்திட்டு, சத்தம் அடங்குனதும் தொடர்ந்தேன். நிறுத்தக் கூடாதுன்னு விதியில இல்ல.

"குறிப்பு: மேடம், அந்த ரப்பர் பேண்டை நானும் பார்த்தேன். ஆனாலும் நீக்குவது நல்லது. தி.ஞா."

அக்கா, வேப்பமரமே ஆடிடுச்சு. திருஞானம் சார் தூரத்துலேருந்து ரெண்டு கையையும் ஆட்டிக்கிட்டே ஓடிவர்றாரு. நான் என்னமோ பாராட்டுறாருன்னு நெனச்சேன். இன்னும் சத்தமா வாசிச்சேன்.

"கேண்டீன் எடுத்திருப்பவர் தாளாளர் ஐயாவின் மச்சான் என்பதால் யாரும் கேட்பதில்லை. இது எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும் வேண்டாம். நான் கேட்கிறேன். இறுதியில் தாளாளருக்கு நன்றி சொல்லவும். இங்கே புன்னகைக்கவும்."

புன்னகைச்சேன். கும்பிட்டேன். இறங்கினேன்.

இந்தக் கண்டக்டர் ஏன் இப்படிக் கத்துறாரு? "எறங்கு எறங்கு"ன்னு கழுத்து நரம்பு பொடைக்க. ஒரு மனுஷி நிம்மதியாப் பேச முடியுதா இந்த பஸ்ல? என்னக்கா, எந்திரிக்காதீங்க, கூட்டமா இருக்கு. உக்காருங்க. தூக்கு சாஞ்சிடப் போகுது. ஒரு நிமிஷம், நீங்க அப்புறம் சொல்லுங்க, எனக்கு விட்டா மறந்துடும்.

அந்த நாலு பேர்ல ஒரு பெரியவர் இருந்தாரு, நெற்றி வளர்ந்தவர். அவரு எந்திரிச்சு, "எனக்கு அந்தச் சாம்பாரைப் பாக்கணும்"னுட்டாரு. தாளாளர் ஐயா முகம் சுண்டைக்காய் மாதிரி ஆயிடுச்சு. எல்லாரும் கேண்டீனுக்குப் போனாங்க. அங்க என்ன ஆச்சுன்னா, பெரிய குழு வருதுன்னு அன்னைக்கு ஒரு நாள் மட்டும் கேண்டீன்காரங்க நெசமாவே பருப்பு போட்டு வச்சிருக்காங்க. கெட்டியா, முருங்கைக்கா எல்லாம் போட்டு. மத்தியானமே பசங்களுக்கு மோப்பம் தெரிஞ்சுபோச்சு. அண்டாவைத் தொடைச்சு வச்சுட்டாங்க. பெரியவர் போய்ப் பாக்குறாரு, காலி அண்டா. "பருப்பு தன்னை வெளிக்காட்டிக்கொள்ளவில்லை போல"ன்னாரு. நல்ல மனுஷன்.

மறுநாள் எனக்கு நோட்டீஸ். புகார் குடுத்தது யாருன்னு நெனைக்கிறீங்க? திருஞானம் சாரேதான். அதே படிவம். புண்பட்ட அளவு: ஆழமாக. புண்படுத்திய சொல்லுங்கிற எடத்துல என்ன எழுதுறதுன்னு தெரியாம, "எல்லாம் என் சொற்களே"ன்னு எழுதியிருக்காரு. நான் படிச்சேன்க்கா, அப்படியேதான் இருந்துச்சு. தன் சொல்லாலேயே தான் புண்பட்ட மொதல் ஆளு எங்க சார்தான்.

நான் அவருகிட்டப் போய்க் கேட்டேன். "சார், நீங்க அப்படியே வாசின்னீங்க."

"அப்படியேன்னா அப்படியேவா அம்மா?"

"வேற எப்படி சார்?"

அவரு நெத்தியைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. அப்புறம் கடிதத்தை நீட்டினாரு, அவரே எழுதி வச்சிருந்தாரு, நான் கையெழுத்து மட்டும் போட்டா போதுமாம். "சாம்பாரில் ரப்பர் பேண்டு இருந்ததாக நான் தவறாகக் கூறியதற்கு வருந்துகிறேன்." நான் பேனாவை மூடிட்டேன். வாசிச்சதுக்கு வேணா வருந்துறேன், ரப்பர் பேண்டுக்கு வருந்த மாட்டேன். அது இருந்துச்சு. அவரே பாத்தாரு. அவரே எழுதினாரு. என் சடையில இருக்கு. அந்த ஒரு வரியை எடுத்தா கையெழுத்துப் போடுறேன்னேன். "குழு கூடித்தான் எடுக்க முடியும், நீ உன் வீட்டுலேருந்து பெரியவங்களைக் கூட்டிட்டு வா"ன்னாரு. அதான் இன்னைக்கு.

கேக்க மறந்துட்டீங்களே, அன்னைக்கு எனக்கு அடுத்து யாரு பேசினதுன்னு. அபினேஷ். அதே செல் டவர் அபினேஷ். தலைப்பு: ஒலி மாசு. அவன் தாள்ல ஒரு செவப்புக் கோடுகூட இல்ல, சுத்தமா விட்டுட்டாங்க. என்ன பேசினான் தெரியுமா? "காலேஜுக்கு வரும் பஸ்ஸில் ஒரு குறிப்பிட்ட மாணவி ஏறினால் டிரைவர் ஹார்ன் அடிக்கத் தேவையில்லை. பாப்பாநாட்டில் ஆரம்பித்த வாக்கியம் காலேஜ் வாசலில்தான் முற்றுப்புள்ளிக்கு வருகிறது. நடுவில் யாராவது வாயைத் திறந்தால், இருங்க முடிச்சிடறேன் என்கிறார்." பேரு சொல்லல. ஆனா முந்நூறு பேரும் திரும்பி என்னையே பாத்தாங்க. என்னை ஏன் பாத்தாங்கன்னு இன்னிவரைக்கும் எனக்குப் புரியல. பாப்பாநாட்டுல எத்தனையோ பேரு ஏறுறாங்க.

அன்னைக்குச் சாயங்காலமே படிவம் போட்டேன். ஆழமாகங்கிற கட்டத்துல ரெண்டு டிக். அவனுக்கும் இன்னைக்குத்தான் விசாரணை, பன்னெண்டு மணிக்கு. அத்தையக் கூட்டிட்டு வர்றானாம். அத்தையும் இல்ல ஒண்ணும் இல்ல, பூக்கடைக்கார அம்மா.

அப்படிப் பாக்காதீங்கக்கா. பேச்சுரிமைன்னா நானும்தான் உயிரைக் குடுப்பேன். ஆனா அது என் பேச்சுக்கு. அவன் பேச்சுக்கு அவன்தான் போராடணும், ரெண்டையும் நான் ஒருத்தியே எப்படிப் பாக்குறது? நான் சொன்னது உண்மை, அவன் சொன்னது கிண்டல். நான் இருங்க முடிச்சிடறேன்னு என்னைக்காவது சொல்லியிருக்கேனா?

என்னக்கா? இருங்க, முடிச்சிடறேன்.

எங்க அம்மா பாப்பாநாட்டுல தையல் கடை வச்சிருக்கு. நான் காலேஜ் சேரும்போதே சொல்லிடுச்சு: "உன் வாயால ஒரே ஒரு புகாரு வீட்டு வாசலுக்கு வரட்டும், மறுநாளே காஜா எடுக்க உக்காத்தி வச்சிடுவேன்." அம்மா சொன்னா செய்யும். சட்டைக்குப் பொத்தான் ஓட்டை தைச்சே என் காலம் போயிடும். அப்பா திருப்பூர்ல. அதனால அம்மாகிட்டச் சொல்லல. சொல்லலதான், பொய் சொல்லல. பொய் எனக்கு அறவே ஆகாது. நோட்டீஸ்ல என்ன போட்டிருக்கு? "பெற்றோர் அல்லது உறவினர்." உறவினர்னா யாரு? நேத்து பூரா யோசிச்சேன். காலையில பஸ்ஸுல ஏறி ஒவ்வொரு முகமாப் பாத்துக்கிட்டே வந்தேன். முன்னாடி சீட்டுல ஒரு மாமா, வெத்தலை போடுறாரு, வேணாம். பக்கத்துல ஒரு அக்கா, ரொம்பச் சின்ன வயசு, நம்ப மாட்டாங்க. அப்பத்தான் உங்களைப் பாத்தேன். பட்டுப் பொடவை, நெத்தியில குங்குமம், கையில தூக்கு. குறுக்க குறுக்கப் பேசாத முகம். அச்சு அசல் சித்தி.

என்னது? என்ன சொல்றீங்க?

ஒரத்தநாடு போயிடுச்சா? எப்ப? அந்தக் கண்டக்டர் கத்தினாரே, அப்பவா? அய்யோ, அப்பவே சொல்றதுக்கென்னக்கா? வாய் இருக்குல்ல? மூணு தடவை எந்திரிச்சீங்கதான், கால் மரத்துப்போச்சுன்னு நெனச்சேன். ஒரு பொம்பளை தனக்கு வேணுங்கிறதை வாயைத் தொறந்து சொல்லணும்க்கா. இதுக்காகத்தான நான் அங்க போய்ப் போராடிக்கிட்டிருக்கேன்?

சரி, ஆனது ஆச்சு. கோவப்படாதீங்க. இப்ப நடு ரோட்டுல எறங்கினா திரும்பிப் போக அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நிக்கணும், வெயில்ல. புளிசாதம் கெட்டுப்போகும். எங்க காலேஜ் வாசல்ல எறங்கினா நெழல் இருக்கு, தண்ணி இருக்கு, பெஞ்சு இருக்கு. பத்து நிமிஷம் உள்ள வந்துட்டுப் போங்க. வளைகாப்பு எங்க ஓடிடப் போகுது? புள்ள இன்னும் உள்ளதான இருக்கு. நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம். உக்காருங்க, நான் கண்ணைச் சிமிட்டினா தலையை ஆட்டுங்க, ஒரு கையெழுத்துப் போடுங்க. ஒரு வார்த்தை மட்டும் பேசிடக் கூடாது. பேசுறதெல்லாம் நான் பேசிக்கிறேன்.

என்ன சொன்னீங்க?

இன்னொரு தடவை சொல்லுங்க. "ஒட்டடைக்கம்புக்கு வாய் மொளைச்ச மாதிரி" யாரு, நானா? "ஏறினதுலேருந்து மூச்சு விட விட்டியாடி"யா?

அக்கா. ஒட்டடைக்கம்பு லிஸ்ட்லயே இல்ல. புதுசு. நூத்திப் பதினாலாவது.

இருங்க, படிவம் பையிலதான் இருக்கு, நான் எப்பவும் பத்து வச்சிருப்பேன். இதெல்லாம் பழக்கம், நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. புண்படுத்திய சொல்: ஒட்டடைக்கம்பு. இடம்: பேருந்து. நேரம்: பத்து இருபத்தெட்டு. அளவு... வயசுல பெரியவங்க, நடுத்தரம் போட்டுக்கிறேன். உங்க பேரு? சொல்லுங்க, சும்மா ஒரு இதுக்குத்தான். செண்பகலெட்சுமியா? நல்ல பேரு, வாய்க்கும் பேருக்கும்தான் சம்பந்தமில்ல. உறவு: சித்தி.

அய்யய்யோ. எழுதிட்டேனே. காலையிலேருந்து மனசுக்குள்ள சித்தி சித்தின்னு சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன்ல, கை தானா எழுதிடுச்சு. பேனாவுல எழுதியாச்சு, அடிச்சா செல்லாது, விதி நாலு.

நில்லுங்க நில்லுங்க. இது ரொம்ப நல்லதாப் போச்சே! பாருங்க இங்க. குழுவோட படிவத்துலயே இருக்கு. சுபிக்ஷாவுக்குச் செண்பகலெட்சுமி சித்தி. எழுத்துல வந்துடுச்சு. இதை எடுத்து நீட்டினா திருஞானம் சார் ஒரு கேள்வி கேக்க முடியாது. வேத்து மனுஷி யாராச்சும் பஸ்ஸுல வச்சு ஒரு புள்ளையை இப்படித் திட்டுவாங்களா? பெத்தவ, கூடப் பொறந்தவ, சித்தி, இவங்கதான் திட்டுவாங்க.

காலேஜ் ஸ்டாப்பு எறங்கணும்ணே! நிறுத்துங்க! ரெண்டு பேரு, சித்தியும் நானும்!

வாங்க சித்தி, பாத்து, படி ஒசரம். தூக்கைக் குடுங்க, நான் கொண்டுவர்றேன். அப்புறம், உள்ள வந்து பேச வேணாம்னு சொன்னேன்ல, அது வேணாம். பேசுங்க. இப்பத் திட்டினீங்களே, அதே மாதிரி, அதே சத்தத்துல. ஹால் டிக்கெட்டை எதுக்குய்யா டிராயர்ல பூட்டினேன்னு அவங்களையும் சேத்துத் திட்டுங்க. உங்களுக்கு நல்லா வருது. ரப்பர் பேண்டை மட்டும் நான் பாத்துக்கிறேன்.

ஏன் இன்னும் மொறைக்கிறீங்க? புளிசாதத்துக்கா? சரி, பெருங்காயம் கூடன்னு சொன்னதுக்கு மன்னிச்சுக்குங்க சித்தி. மனசார. பாத்தீங்களா, எனக்கும் மன்னிப்புக் கேக்கத் தெரியும், அதுக்கெல்லாம் ஒரு குழு தேவையில்ல.

ஆனா கொஞ்சம் கூடத்தான்.